பதினேழாம் பெட்டி

நவம்பர் 3, திங்கள்

காலையில் முதல் வேலை, வழக்கம்போல், மேசை மேல் கிடந்த காக்கை எச்சத்தைத் துடைத்தது. சன்னலுக்கு வலை அடிக்கச் சொல்லி இரண்டு கடிதம் கொடுத்தாயிற்று. படகுச் சங்கத்தில் வலைக்குப் பஞ்சம் என்றால் வெளியே யாரும் நம்ப மாட்டார்கள்.

இந்த நோட்டு பெட்டி எண்கள் எழுத வாங்கியது. பாதி காலியாகக் கிடக்கிறது. வீட்டில் சொல்ல முடியாததை இதில் எழுதி வைக்கிறேன்.

என் அறை ஐஸ் பிளாண்ட் மொட்டை மாடியில், கோபுரத்துக்கு அடியில் இருக்கிறது. கரையிலிருந்து கொஞ்ச தூரம் போனால் கடலில் போன் எடுக்காது. அதனால் சங்கத்தின் இருபத்து மூன்று படகிலும் ஒவ்வொரு கம்பியில்லாப் பெட்டி. தூரத்துப் படகின் பேச்சை நடுவில் நிற்கிற படகின் பெட்டி வாங்கி, அடுத்த பெட்டிக்குக் கொடுத்து, அப்படியே கைமாறிக் கைமாறிக் கோபுரத்துக்கு வரும். ஒரே நேரத்தில் நான்கு பேச்சுக்குத்தான் இடம். யாருக்கு முதலில் என்று ஒரு வரிசை வேண்டும். ஆபத்துச் செய்தி ஒன்று, வானிலை எச்சரிக்கை இரண்டு, வீட்டுப் பேச்சு மூன்று, மற்றதெல்லாம் நான்கு. முன்வரிசை காலியானால்தான் பின்வரிசை நகரும். இந்த வரிசையைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. ஊரில் என்னைப் பெட்டிக்காரி என்கிறார்கள். சவப்பெட்டி செய்கிறவள் மாதிரி இருக்கிறது என்று தம்பி ஆல்வின் கிண்டல் செய்வான்.

ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு சிவப்புப் பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் அடுத்தவர் பேச்சைச் சுமப்பது நின்றுவிடும், பக்கத்துப் படகுகளின் திரையிலிருந்து நம் புள்ளியும் மறையும். தன் பேச்சு மட்டும் போகும். கெட்டுப்போனால் பழுது பார்க்க வைத்த பொத்தான் அது. நம் ஆட்கள் அதற்கு வேறு உபயோகம் கண்டுபிடித்துவிட்டார்கள். நல்ல மீன் விழுகிற இடம் கிடைத்தால் படகை ஓட்டும் ஸ்ராங்கு முதலில் செய்வது அந்தப் பொத்தானை அழுத்துவதுதான். புள்ளி ஒரே இடத்தில் நின்றால் ஒரு மணி நேரத்தில் ஐந்து படகு சுற்றி வந்து நிற்குமே. ஆனால் அவன் அழுத்தினால் அவனுக்கு அப்பால் நிற்கிற அத்தனை பேரும் ஊமை.

நவம்பர் 6, வியாழன்

சங்கக் கூட்டம். என் யோசனையை ஏற்றுக்கொண்டார்கள். பொத்தானை அழுத்துகிற படகுக்கு மூன்று எச்சரிக்கை வரை கொடுக்கலாம். அதற்கு மேல் அந்தப் படகு வரிசையில் கடைசி. அடுத்தவன் பேச்சைச் சுமக்காதவனுக்கு அவன் பெண்டாட்டி குரல் மட்டும் எதற்குத் தெளிவாகக் கேட்க வேண்டும்? செயலாளர் பங்கிராஸ் அண்ணன், "இது நியாயமான காரியம்" என்றார். அவர் யாருக்கு வேண்டுமானாலும் அப்படிச் சொல்வார். இருந்தாலும் சந்தோஷமாக இருந்தது.

பெட்டி விற்ற கம்பெனியின் முரளிதரன் சார் சென்னையிலிருந்து போனிலேயே சொல்லிக் கொடுத்தார். தண்டனைப் பட்டியலில் படகின் எண்ணைப் போட்டால் போதும், அது எல்லாப் பெட்டிக்கும் தானே போய்விடும். பெட்டி முதலில் எண்ணைப் பார்க்கும், அதற்குப் பிறகுதான் என்ன வகைச் செய்தி என்று பார்க்கும், அதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள் மேடம் என்று இரண்டு தரம் சொன்னார். கீழே ஐஸ் உடைக்கிற மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. சரி சார், சரி சார் என்றேன்.

நவம்பர் 9, ஞாயிறு

4-ஆம் படகு இரண்டு தரம் பொத்தானை அழுத்தியது. எச்சரிக்கை அனுப்பினேன். 12 மூன்று தரம். எச்சரிக்கை.

ஆல்வின் இடது கையால் சட்டைப் பொத்தான் போடப் பழகிவிட்டான். மேல் பொத்தானுக்கு மட்டும் என்னிடம் வருகிறான். நான் போட்டுவிடும்போது மேலே கூரையைப் பார்த்துக்கொண்டு நிற்பான்.

நவம்பர் 13, வியாழன்

17 இன்று காலை மூன்று மணி நேரம் அழுத்தி வைத்திருந்தது. பகல் பன்னிரண்டுக்குத் தண்டனைப் பட்டியலில் போட்டேன்.

4, 12 எல்லாம் இதைவிட அதிகம் அழுத்தியது உண்மைதான். ஆனால் அவை கரைக்குப் பக்கத்தில் நிற்பவை. 17-க்கு அப்பால் ஐந்து படகு இருக்கிறது, எல்லாருக்கும் 17-தான் பாலம். அப்புறம், மூன்று எச்சரிக்கை வரை கொடுக்கலாம் என்றுதான் தீர்மானம். கொடுத்தே ஆக வேண்டும் என்று எங்கேயும் எழுதவில்லை.

மத்தியானச் சாப்பாட்டில் ஆல்வினிடம் சொன்னேன். அவன் கையிலிருந்த ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டான்.

"எக்கா, கஸ்மீர் அண்ணன் மேல உள்ள கோவத்த நீ இன்னும் விடல்லியா?"

கோபமெல்லாம் இல்லை, இது சங்கத்துத் தீர்மானம் என்றேன். அவன் மீனைத் தொடவில்லை.

எழுதித்தான் வைக்கிறேனே. போன மாசியில் ஆல்வின் 23-இல் போயிருந்தான். கயிறு சுற்றும் உருளையில் வலது கை மாட்டியது. அவனைக் கரைக்குக் கொண்டுவர வேகப்படகு கேட்டு ஐந்து மணி நேரம் கத்தியிருக்கிறார்கள், ஒரு சொல்லும் இங்கே வந்து சேரவில்லை. நடுவில் 17 பொத்தானை அழுத்திவிட்டு மீன் பிடித்துக்கொண்டிருந்தது. முதல் ஒரு மணி நேரத்தில் வந்திருந்தால் கையைக் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னார்.

பெட்டியில் என்ன நடந்தது என்று அப்போது யாருக்கும் தெரியாது. யாரும் கேட்கவும் இல்லை. 17-இன் ஸ்ராங்கு கரைக்கு வந்த அன்றே எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று, "பொத்தான அமத்துனது நாந்தான் பிரிஸ்கா" என்று தானாகவே சொன்னார். அரை மணி நேரம் நின்றார். நான் உட்காரச் சொல்லவில்லை.

அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

நவம்பர் 14, வெள்ளி

டெல்பின் வந்தாள். 17-இன் ஸ்ராங்கு கஸ்மீரின் மனைவி. அவளும் நானும் ஒன்பதாம் வகுப்பு வரை ஒரே பெஞ்சு. நேற்றிலிருந்து அவர் பேச்சு வருவதே இல்லை, வந்தாலும் பாதியில் அறுந்துவிடுகிறது என்றாள். காரணத்தைச் சொன்னேன். அவள் சண்டை போடுவாள் என்று நினைத்துப் பதிலெல்லாம் தயார் செய்து வைத்திருந்தேன். அவள் சண்டை போடவில்லை. ஞாயிற்றுக்கிழமை மகள் அனிஷ்மாவுக்குப் புதுநன்மை, கோயிலில் முதல் நற்கருணை வாங்குகிற நாள். பூசை முடிந்ததும் அப்பாவிடம் பேச வேண்டும் என்று பிள்ளை ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறதாம்.

"என்ன செஞ்சா எடுத்து விடுவ?" என்று கேட்டாள்.

மூன்று நாள் பொத்தானைத் தொடாமல் அடுத்தவர் பேச்சையெல்லாம் சுமந்தால் எடுத்துவிடுகிறேன் என்றேன். வியாழன் பகல் பன்னிரண்டிலிருந்து ஞாயிறு பகல் பன்னிரண்டு வரை. அதை அப்படியே தன் பெயரில் எழுதி அவருக்கு அனுப்பச் சொன்னாள். அனுப்பினேன். கடைசி வரிசையில் போய்ச் சேர ஐந்து மணி நேரம் ஆயிற்று. பதில் ஒரே சொல்லாக வந்தது: "சரி."

நவம்பர் 15, சனி

17 பொத்தானைத் தொடவில்லை. அடுத்தவர் பேச்சு எத்தனை சுமந்தது என்று காட்டுகிற கணக்கில் நேற்று 61, இன்று 78. இவ்வளவு வேறு எந்தப் படகும் சுமந்ததில்லை. தண்டனை வேலை செய்கிறது.

சன்னலுக்கு வலை வந்துவிட்டது. கிழிந்த வலை.

நவம்பர் 16, ஞாயிறு

காலை ஆறு மணியிலிருந்தே வரிசை நிரம்பி வழிகிறது. ஊரில் பதினெட்டுப் பிள்ளைகளுக்குப் புதுநன்மை, பதினொரு அப்பாக்கள் கடலில்.

8.50-க்கு வானிலை எச்சரிக்கை வந்தது. நேற்றுவரை வடக்கே போகும் என்ற புயல் மேற்கே திரும்பிவிட்டது. 9.10-க்கு எல்லாப் பெட்டிக்கும் அனுப்பிவிட்டேன். 21, 23 இரண்டுக்கும் 9.40-க்குப் போய்ச் சேர்ந்ததாகத் திரையில் காட்டியது. அவ்வளவு தூரத்துக்கே போய்விட்டது, அதற்கு முன்னால் நிற்பவர்களுக்குப் போகாமல் இருக்காது.

பத்து மணிக்கு டெல்பின் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்தாள். வெள்ளைக் கவுன், தலையில் பூமுடி, கையில் மெழுகுவர்த்தி. பன்னிரண்டுக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கிறதே என்றேன். மாடிப்படியில் உட்கார்ந்து காத்திருக்கிறோம் என்றாள்.

அதற்குப் பிறகு எழுத நேரமில்லை. இப்போது சாயங்காலம் ஆறு மணி. கோபுரம் ஆடுகிறது, கூரைத் தகரத்தில் பாதி பறந்துவிட்டது. புயல் செய்தி ஊருக்குள் தெரிந்ததும் எல்லா வீட்டிலிருந்தும் பேச வந்துவிட்டார்கள். எல்லாப் படகிலிருந்தும் பேச்சு. நான்கு இடமும் ஒரு நொடி காலியாக இல்லை. மாடி முழுக்கப் பெண்கள், அழுகை, செபமாலை.

பன்னிரண்டு மணிக்கு 17-ஐப் பட்டியலிலிருந்து எடுக்க வேண்டியது. கை ஒழியவில்லை. எடுக்க ஒரு நிமிடம்தான் ஆகும். இருந்தாலும் கை ஒழியவில்லை. டெல்பின் இரண்டு தரம் சன்னல் வழியாகப் பார்த்தாள். கூட்டத்தில் நான் அவளைப் பார்க்கவில்லை.

5.40-க்கு எடுத்தேன். அப்போது 17 திரையிலேயே இல்லை. 2.50-க்குப் பிறகு 17-க்கு அப்பால் இருந்த படகுகளும் இல்லை.

17-இலிருந்து ஆபத்துச் செய்தி எதுவும் வரவில்லை. ஆபத்து என்றால் அனுப்பியிருப்பார். பொத்தானை அழுத்தியிருப்பார், வேறென்ன.

நவம்பர் 17, திங்கள்

பதினாறு படகுகள் கரை சேர்ந்துவிட்டன, எங்கெங்கோ. 17-க்கும் கரைக்கும் நடுவில் நின்ற 9-ஐயும் 17-ஐயும் 17-க்கு அப்பால் நின்ற ஐந்தையும் காணவில்லை.

கடலோரக் காவல் படையிலிருந்து போன். ஒவ்வொரு படகும் கடைசியாக எங்கே நின்றது என்று கேட்டார்கள். 17 தன் இடத்தைக் கடைசியாக அறிவித்தது ஞாயிறு காலை ஐந்து மணிக்கு. அதைத்தான் கொடுத்தேன். அங்கேதான் தேடுகிறார்கள்.

நேற்று 17 சுமந்த பேச்சு: 214.

மீட்டர் கோளாறாக இருக்கும்.

அதே நாள், பிற்பகல்

மீட்டர் கோளாறு இல்லை. ஒவ்வொரு பேச்சின் தலையிலும் பேசுகிற படகு நிற்கும் இடம் பதிவாகும். 21-இன் கடைசிப் பேச்சு 2.48-க்கு வந்திருக்கிறது, 17 காலை ஐந்து மணிக்கு நின்ற இடத்துக்கு நாற்பது மைல் மேற்கே. 21-இன் பேச்சு 17 வழியாக மட்டும்தான் வர முடியும். அப்படியென்றால் 2.48 வரை 17 பொத்தானை அழுத்தவில்லை. 21-க்குப் பக்கத்தில் எங்கேயோதான் நின்றிருக்கிறது. தேடுகிற இடத்தில் இல்லை.

இதைச் சொன்னால், பெட்டி ஓடிக்கொண்டிருந்ததென்றால் ஏன் அவரிடமிருந்து ஒரு செய்தியும் வரவில்லை என்று கேட்பார்கள்.

நாளைக்கு இன்னொரு தரம் சரிபார்த்துவிட்டுச் சொல்லலாம். தப்பாகச் சொல்லித் தேடுகிறவர்களை அலைக்கழிக்கக் கூடாது.

நவம்பர் 18, செவ்வாய்

கோயில் முற்றத்தில் காலையிலிருந்து கூட்டம். காணாமல் போனவர்களுக்காகச் சாமியார் செபம் சொன்னார். முடிந்து வெளியே வந்ததும் பேச்சு 17-ஐப் பற்றித்தான். மீன் ஆசையில் பெட்டியை அமத்திப் போட்டிருப்பான், தன் புத்தியால் ஆறு பேர் உயிரையும் கொண்டுபோய்விட்டான் என்று டெல்பின் காதுபடவே பேசினார்கள். பங்கிராஸ் அண்ணன் என்னைப் பார்த்து, அப்படித்தானே என்பதுபோல் தலையை ஆட்டினார். நான் இல்லை என்று சொல்லவில்லை.

டெல்பின் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மூணு நாளு அமத்தாதன்னு எழுதினேனே. கடைசி நாளு எனக்க பேச்சக் கேக்கல்ல பாத்தியா" என்றாள். அவள் கை சுட்டது, காய்ச்சல் போல.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. மூன்று மணிக்குப் பங்கிராஸ் அண்ணனிடம் போய், காற்று அடித்த திசையைப் பார்த்தால் நாற்பது மைல் மேற்கே தேடிப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது, சும்மா ஒரு யோசனைதான் என்றேன். அவர் உடனே போன் போட்டார். இருட்டிவிடும், நாளை விடிந்ததும் கப்பல் போகும் என்றார்கள்.

நவம்பர் 19, புதன்

காலை பதினொன்றுக்குக் கண்டுபிடித்தார்கள். நான் சொன்ன இடத்திலிருந்து ஆறு மைல் தள்ளி. படகு இல்லை. காலி கேன்களைக் கயிற்றால் சேர்த்துக் கட்டி அதில் நான்கு பேர். ஆளோடு ஆளைச் சேர்த்துக் கட்டியிருந்ததாம். இரண்டு பேரைக் காணவே இல்லை.

நான்கு பேருக்கும் உயிர் இல்லை. கஸ்மீர் உட்பட மூன்று பேர் இறந்து இரண்டு நாளாவது ஆகியிருக்கும். நான்காவது, சமையலுக்குப் போன லூர்து. அவனுக்கு உயிர் போய்ப் பன்னிரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை என்று கப்பலில் வந்த டாக்டர் சொன்னாராம்.

பங்கிராஸ் அண்ணன் என் தோளில் தட்டி, உன் யோசனையால் உடம்பாவது கிடைத்தது என்றார்.

நவம்பர் 20, வியாழன்

அடக்கம். நான்கு பெட்டி. அனிஷ்மாவுக்கு அந்த வெள்ளைக் கவுனையே போட்டுவிட்டிருந்தார்கள்.

நவம்பர் 22, சனி

தூரத்துப் படகுகள் ஐந்தும் ஒரு தீவில் ஒதுங்கிவிட்டன, ஆட்கள் எல்லாரும் உயிரோடு இருக்கிறார்கள். 23-இன் ஸ்ராங்கு தொபியாஸ் போனில் பேசினார். எச்சரிக்கை கிடைத்ததும் வலையை அறுத்துப் போட்டுவிட்டு ஓடினோம் என்றார். 17-க்கு ஒரு குரல் கொடுத்திருக்கலாமே என்று கேட்டுவிட்டேன்.

"அவன் எங்களுக்கு முன்னால கரப் பக்கம் நிக்குதான். அவனுக்கு எங்களுக்கு முந்தியே கெடச்சிருக்கும்னுதான் நெனச்சோம்" என்றார். அப்புறம் அழுதார்.

நானும் அப்படித்தானே நினைத்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

நவம்பர் 25, செவ்வாய்

ஆல்வின் என்னிடம் எதுவும் கேட்பதில்லை. இன்று மேல் பொத்தானை அவனே போட்டுக்கொள்ள முயற்சி செய்துகொண்டிருந்தான். கிட்டத்தட்ட கால் மணி நேரம். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

நவம்பர் 29, சனி

9 வந்துவிட்டது. எஞ்சின் நின்று வடக்கே அடித்துக்கொண்டு போய், வேறு மாநிலத்துத் துறைமுகத்தில் கிடந்து, இன்னொரு படகு இழுத்து வந்தது. பெட்டியின் பேட்டரிக்குள் உப்புத் தண்ணீர். மாற்றிப் போட்டு, மத்தியானம் இரண்டு மணிக்குத் துறைமுகத்தில் வைத்துப் பெட்டியை ஓடவிட்டேன்.

பெட்டி தன்னிடம் தங்கிப் போனதையெல்லாம் அனுப்ப ஆரம்பித்தது. முன்வரிசையில் இப்போது யாரும் இல்லை. கடைசி வரிசை நகர்ந்தது.

17-இலிருந்து முப்பத்தொரு செய்தி. எல்லாம் பதினாறாம் தேதி.

காலை 7.05, எனக்கு: "பிரிஸ்கா இண்ணு பன்னெண்டோட மூணு நாளு. பொத்தான தொடல்ல. பிள்ளைக்க சத்தம் கேக்கணும் எடுத்து விடு. ஆல்வின் சொகமா. கஸ்மீர்."

12.10, எனக்கு: "மணி ஆயிட்டு. பூச முடிஞ்சா."

1.20: "தண்ணி ஏறுது. பம்பு நிண்ணு போச்சு. ஆறு பேரு."

இதை ஆபத்துச் செய்தி என்ற அடையாளத்தோடுதான் அனுப்பியிருக்கிறார். முதல் வரிசை. ஆனால் பெட்டி முதலில் எண்ணைத்தான் பார்க்கும். 17 என்றால் கடைசி. அவருடைய பெட்டியும் அவரைக் கடைசியில்தான் வைத்தது. 9-இன் பெட்டியும் கடைசியில்தான் வைத்தது. முரளிதரன் சார் இரண்டு தரம் சொன்னார். ஐஸ் மெஷின் சத்தத்தில் சரி சார் என்றேன்.

அதற்குப் பிறகு மூன்று நிமிடத்துக்கு ஒன்றாக நிற்கும் இடத்தை அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறார். 2.46-க்குக் கடைசியாக: "17 நம்பர் போட்டு. யாராவது கேக்குதியளா."

சிவப்புப் பொத்தானை அழுத்தியிருந்தால் அப்பாலுள்ள ஐந்து படகின் பேச்சும் நின்றிருக்கும். அவருடைய பெட்டியிலும் 9-இலும் நெரிசல் தீர்ந்து, அவருடைய ஆபத்துச் செய்தி சில நிமிடங்களில் என் மேசைக்கு வந்திருக்கும். பழகிய பொத்தான். கைக்கெட்டும் தூரம். அழுத்தவில்லை. அவர் தண்ணீரில் நின்றுகொண்டு இருநூற்றுப் பதினாலு பேச்சைச் சுமந்தார். அதில் எத்தனை, பயப்படாதே நான் வந்துவிடுவேன் என்று சொன்ன பேச்சு. என் தண்டனை அவ்வளவு நன்றாக வேலை செய்திருக்கிறது.

இன்னொன்றும் இருந்தது. 9-இன் பெட்டியில், போய்ச் சேராத செய்தி என்ற பட்டியலில் ஒன்றே ஒன்று. காலை 9.10-க்கு நான் அனுப்பிய புயல் எச்சரிக்கை. பெறுநர் 17, அதனால் அதுவும் கடைசி வரிசை. 21-க்கும் 23-க்கும் போன எச்சரிக்கை அவர் பெட்டிக்குள் நுழைந்து வெளியேறித்தான் போயிருக்கிறது. மூடிய கடிதத்தைச் சுமக்கிற தபால்காரர்போல அவருக்கு அதில் என்ன இருக்கிறதென்று தெரியாது. அவருக்கு எழுதியது மட்டும் அவரிடம் போகவில்லை.

நான் கொன்றேன். இந்த நோட்டில் இதுவரை இதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் எழுதியிருக்கிறேன். லூர்துவை இரண்டாம் தடவையும் கொன்றேன், திங்கட்கிழமை பிற்பகலில், சரிபார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டு.

நவம்பர் 30, ஞாயிறு

முப்பத்தொன்றையும், அந்த எச்சரிக்கையையும், நான் செய்ததையும் எழுதி இரண்டு பிரதி எடுத்தேன். ஒன்றைப் பங்கிராஸ் அண்ணன் வீட்டுக்குக் கொண்டுபோனேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதும் வாசித்தார். கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் வாசித்தார்.

"இது வெளிய போனா இனி ஒருத்தனும் பெட்டி வைக்க மாட்டான். பெட்டி இல்லாம அடுத்த புயலுக்கு எத்தன பேரு சாவான்? போனவன் போயிட்டான். பொத்தான அமத்துனான்னு ஊரு நெனச்சா நெனச்சிட்டுப் போவட்டும், கேட்டியா பிள்ளே."

நியாயமான காரியம் என்று இந்த முறை அவர் சொல்லவில்லை. என் வேலை போகாமல் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். காப்பி கொடுக்கச் சொன்னார். ஒரு நிமிடம், கடவுள் சத்தியமாக, எனக்கு அது பெரிய நிம்மதியாக இருந்தது.

வீட்டுக்கு வந்து ஆல்வினிடம் காகிதத்தைக் கொடுத்தேன். இடது கையில் பிடித்து வாசித்தான். ஆல்வின் சொகமா என்ற வரியில் நிறுத்திவிட்டான்.

"அந்த அண்ணன் நம்ம வீட்டு வாசல்ல வந்து நிண்ணப்ப அவர யாரும் கூப்பிடல்லக்கா" என்றான்.

டிசம்பர் 1, திங்கள்

காலையில் வேலைக்குப் போகவில்லை. டெல்பின் வீட்டுக்குப் போனேன்.

வாசலில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி கிடந்தது. அடக்கத்துக்கு வாடகைக்கு எடுத்ததில் திருப்பிக் கொடுக்காமல் விட்டதாக இருக்கும். அனிஷ்மா பள்ளிக்கூடம் போயிருந்தாள். டெல்பின் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து, வா என்றாள். நான் வாசலிலேயே நின்றேன்.

சொன்னேன். வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போனது ஒன்றும் வரவில்லை. அவர் பொத்தானைத் தொடவே இல்லை, நீ எழுதினபடி மூன்று நாளும் கேட்டார், கடைசி வரை கேட்டார் என்று மட்டும் முதலில் சொன்னேன். அதற்குப் பிறகு மற்றது. எண்ணைப் பட்டியலில் போட்டது, எச்சரிக்கை போகாதது, பன்னிரண்டு மணிக்கு எடுக்காதது, திங்கட்கிழமை தெரிந்தும் வாயைத் திறக்காதது. கோயில் முற்றத்தில் இல்லை என்று சொல்லாததையும் சொன்னேன்.

அவள் முறத்தைக் கீழே வைக்கவில்லை. அதிலிருந்த கல்லை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டே இருந்தாள். கல் தீர்ந்த பிறகும் அரிசியைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"அவரு அனுப்பினது உனக்க கையிலயா இருக்கு?"

ஆமாம் என்று காகிதத்தை நீட்டினேன். அவள் வாங்கவில்லை. வாசி என்றாள்.

பக்கத்திலிருந்த நாற்காலியின் முதுகைப் பிடித்தேன். உட்காரப் போகிறேன் என்று நினைத்திருப்பாள். உண்மையில் உட்காரத்தான் போனேன்.

"மாசியில அவரு உனக்க வீட்டுக்கு வந்தாரே. எங்கிட்ட வந்து எல்லாம் சொன்னாரு. நீ அவர இரிக்கச் சொன்னியா?"

இல்லை என்றேன்.

"அப்ப நீயும் நிண்ணுட்டே வாசி."

கையை எடுத்துவிட்டேன். காலை 7.05-லிருந்து ஆரம்பித்தேன். முப்பத்தொன்றையும் வாசித்தேன், நிற்கும் இடத்தின் எண்களைக்கூட விடாமல். நடுவில் இரண்டு பக்கத்து வீட்டுக்காரிகள் வந்து நின்று கேட்டார்கள். பிறகு இன்னும் பலர் வந்தார்கள். வாசித்து முடித்ததும் டெல்பின், முதலிலிருந்து இன்னொரு தரம் வாசி, இவர்கள் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சத்தமாக வாசி என்றாள்.